தக்கலை அக்காவுக்கு: மகனின் கழுத்து வலி

அக்கா, ஆறாம் வகுப்புப் படிக்கும் மகன் ராத்திரி படுத்துக்கொண்டே போன் பார்க்கிறான், இரண்டு வாரமாகக் கழுத்து வலி, வர்ம வைத்தியம் பார்க்கும் ஆசானிடம் கூட்டிப்போய் நீவிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து யாரும் கழுத்தைத் திருப்பிச் சொடக்கு எடுக்க விடாதீர்கள். முதலில் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டுங்கள். கை மரத்துப்போவது, காய்ச்சல், வாந்தியோடு தலைவலி இருந்தால் அன்றைக்கே போக வேண்டும்.

பெரியவர்களின் தலை சுமார் 5 கிலோ. 60 டிகிரி குனிந்தால் கழுத்தில் விழும் பாரம் 27 கிலோ வரை போகும் என்று 2014-இல் வெளியான ஒரு கணக்கு சொல்கிறது. பிள்ளைகளுக்கோ உடம்போடு ஒப்பிட்டால் தலை பெரிசு, கழுத்துத் தசையில் வலு குறைவு.

டாக்டர் இயன்முறை சிகிச்சைக்கு (பிசியோதெரபி) அனுப்பினால், அது கரண்ட் வைப்பது என்று நினைத்துவிடாதீர்கள், பிள்ளைகளுக்குப் பயிற்சிதான் முக்கியம். சுவரில் முதுகை ஒட்டி நின்று, தலை குனியாமல் தாடையை மட்டும் மெதுவாகப் பின்னால் இழுக்கச் சொல்வார்கள். தாடைக்குக் கீழே மடிப்பு விழும், ஐந்து எண்ணிவிட்டுத் தளர்த்த வேண்டும். அப்புறம் தோள்பட்டைக்கும் சொல்லித்தருவார்கள். வலி கூடினால் நிறுத்திவிடுங்கள்.

போனைப் பிடுங்கிச் சண்டை வேண்டாம். படுத்துப் பார்ப்பதை மட்டும் கண்டிப்பாக நிறுத்துங்கள். அவன் போன் பிடிக்கும் விதத்தைப் பக்கவாட்டில் ஒரு போட்டோ எடுத்துச் சிகிச்சையாளரிடம் காட்டுங்கள்.