கருஞ்சீரகம் கல்லீரல் கொழுப்பைக் கரைக்குமா?

கேள்வி: எனக்கு வயது 46, எடை 82 கிலோ, உயரம் 168 செ.மீ. நான்கு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறேன். மதுப்பழக்கம் இல்லை. சாப்பிட்டு முடித்ததும் வயிறு உப்பிக்கொள்கிறது, ஏப்பம் ஓய்வதில்லை. ஸ்கேனில் ஃபேட்டி லிவர் கிரேடு 1 என்று வந்தது. ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் என்சைம்களான எஸ்ஜிபிடி 72, எஸ்ஜிஓடி 48, பிளேட்லெட் 2.4 லட்சம். வாட்ஸ்அப்பில் வந்தபடி வெந்தயம் 250 கிராம், ஓமம் 100 கிராம், கருஞ்சீரகம் 50 கிராம் வறுத்துப் பொடித்து ஒரு மாதமாக இரவில் ஒரு ஸ்பூன் சாப்பிடுகிறேன். வயிறு கொஞ்சம் லேசானது. ஆனால் இரண்டு முறை விடியற்காலையில் வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி விழித்துக்கொண்டேன். தொடரலாமா? கல்லீரல் கொழுப்பு கரையுமா?

பதில்: கல்லீரலைப் பிறகு பார்ப்போம். அந்த விடியற்காலை வியர்வைதான் முதலில் கவனிக்க வேண்டியது. அது பெரும்பாலும் ரத்தச் சர்க்கரை இறங்கியதன் அடையாளம். இன்றிரவே பொடியை நிறுத்திவிடுங்கள். மறுபடி வியர்த்தால் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். மீட்டர் கையில் இல்லையென்றால் அதற்காகக் காத்திருக்காமல் சர்க்கரைத் தண்ணீரைக் குடித்துவிடுங்கள். கிளிமிபிரைடு சர்க்கரையைத் தாழ இறக்கக்கூடிய மாத்திரை. அதன் அளவை மாற்ற வேண்டுமா என்று நாளையே உங்கள் மருத்துவரைக் கேளுங்கள். பொடி சாப்பிட்டதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

அந்தக் கலவையைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். மொத்தம் 400 கிராமில் கருஞ்சீரகம் எட்டில் ஒரு பங்குதான். தலை தட்டிய ஒரு டீஸ்பூன், ஏறக்குறைய 3 கிராம் பொடி என்று வைத்துக்கொண்டால் வெந்தயம் 1.9 கிராம், ஓமம் 0.75 கிராம், கருஞ்சீரகம் 0.4 கிராமுக்கும் குறைவு. சாப்பாட்டு ஸ்பூனில் குவித்து அள்ளினால் பத்து கிராமைத் தாண்டும். அதில் வெந்தயம் மட்டுமே ஆறு கிராமுக்கு மேல் போய்விடும். வெந்தயமும் சர்க்கரையை இறக்கும். மாத்திரையும் சேர்ந்து, இரவுச் சாப்பாட்டையும் குறைத்திருந்தால் விடியற்காலையில் நடுக்கம் வரத்தான் செய்யும். வயிறு லேசானதற்கும் ஓமத்துக்குத்தான் பெரும் பங்கு இருந்திருக்கும். கருஞ்சீரகம் நல்லதா இல்லையா என்பதற்கு இந்தப் பொடி சாட்சி ஆகாது.

கருஞ்சீரகத்தைத் தனியாக எடுத்துக்கொண்டால் அதற்கு மதிப்பு உண்டு. அதன் வாசனை எண்ணெயில் உள்ள தைமோகுவினோன் என்ற பொருள்தான் முக்கியம். அழற்சியைக் குறைக்கும் தன்மை கொண்டது. அல்சர் எதுவும் இல்லாமலேயே வரும் உப்புசம், மேல்வயிற்று மந்தம் இவற்றுக்கு ஈரானில் தேன் கலந்த கருஞ்சீரக எண்ணெயை நாளுக்கு 5 மி.லி. வீதம் எட்டு வாரம் கொடுத்துப் பார்த்ததில் நல்ல குணம் தெரிந்தது. ஃபேட்டி லிவருக்கு நாளுக்கு 2 கிராம் விதைப்பொடியை 12 வாரம் கொடுத்த ஆய்வில் கொழுப்பு ஓரளவு குறைந்தது. எஸ்ஜிபிடி சில ஆய்வுகளில் இறங்கியது, சிலவற்றில் இறங்கவில்லை. பெரும்பாலும் சில பத்துப் பேரை வைத்துச் செய்த சிறு ஆய்வுகள். அதனால் கல்லீரலுக்குக் கருஞ்சீரகத்தைத் துணையாக மட்டும்தான் சொல்வேன்.

அளவைக் கூட்டினால் பலனும் கூடும் என்று நினைத்துவிடாதீர்கள். இரைப்பையில் தங்கும் எச்.பைலோரி கிருமிக்குச் சவூதி அரேபியாவில் ஒமிப்ரசோல் மாத்திரையுடன் இந்த விதையைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2 கிராம் எடுத்தவர்களில் 66.7 சதவீதம் பேருக்குக் கிருமி போனது. 3 கிராம் எடுத்தவர்களில் 47.8 சதவீதம்தான். வழக்கமான ஆன்டிபயாடிக் சிகிச்சையில் 82.6 சதவீதம். (அதனால் எச்.பைலோரி உறுதியானால் ஆன்டிபயாடிக்தான் எடுக்க வேண்டும், விதையை நம்பி இருந்துவிடக் கூடாது.) சர்க்கரை நோயாளிகளிடமும் 2 கிராம் சர்க்கரையை நன்றாகவே இறக்கியது, 3 கிராமுக்குக் கூடுதல் பலன் இல்லை. உங்களுக்கு 2 கிராமே உச்சவரம்பு என்று சொல்வது இதனால்தான்.

மாத்திரை அளவு சீரான பிறகு, உங்கள் மருத்துவர் சம்மதித்தால் இப்படி எடுக்கலாம். நாட்டு மருந்துக் கடையில் விதையாகவே வாங்குங்கள். எள் அளவில், மினுமினுப்பு இல்லாத கறுப்பில், மூன்று முனையோடு இருக்கும். நீளமாக வளைந்திருந்தால் அது பிரியாணிக்குப் போடும் சாஜீரா. வெங்காய விதையும் பார்வைக்கு இதைப் போலவேதான் இருக்கும். பத்து விதையை உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்து முகர்ந்து பாருங்கள். ஓமமும் மிளகும் கலந்தாற்போல் காரமான மணம் வர வேண்டும். மணமே இல்லையென்றால் வாங்காதீர்கள். விதைப்புக்கென வரும் வெங்காய விதையில் பூச்சிமருந்து பூசியிருக்கவும் கூடும்.

வாணலியில் கை சூடு பொறுக்கும் அளவுக்கு வாட்டினால் போதும். புகை வரும்வரை வறுத்தால் எந்த எண்ணெய்க்காகச் சாப்பிடுகிறோமோ அதுவே பறந்துவிடும். விதையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எண்ணெய் இருப்பதால் பொடித்து வைத்தால் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். பத்து நாளைக்குத் தேவையானதை மட்டும் பொடித்து, கண்ணாடி பாட்டிலில் இருட்டில் வையுங்கள். அளவுக்கு ஸ்பூனை நம்ப வேண்டாம்: 10 கிராம் பொடியை நிறுத்து, காகிதத்தில் பரப்பி, பத்துப் பொட்டலமாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 1 கிராம். முதல் வாரம் மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு பொட்டலம், மோரிலோ வெதுவெதுப்பான தண்ணீரிலோ. ஒத்துக்கொண்டால் காலை உணவுக்குப் பின் இன்னொன்று. வெறும் வயிற்றில் எடுத்தால் குமட்டலும் எரிச்சலும் வரும். முழு விதையை அப்படியே விழுங்கினால் பெரும்பகுதி செரிக்காமல் வெளியேறிவிடும். முதல் இரண்டு வாரம், வாரத்துக்கு இரண்டு நாளாவது வெறும் வயிற்றுச் சர்க்கரையைப் பாருங்கள்.

கர்ப்பிணிகளுக்கு மருந்து அளவில் வேண்டாம். வார்ஃபரின், குளோபிடோக்ரெல் போன்ற ரத்தம் உறையாமைக்கான மாத்திரை சாப்பிடுபவர்கள், சிறுநீரகம் பழுதானவர்கள், உறுப்பு மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்கள் தாங்களாகத் தொடங்கக் கூடாது. அறுவை சிகிச்சைக்கு இரண்டு வாரம் முன்பே நிறுத்திவிட வேண்டும்.

உப்புசத்துக்கு இன்னொரு காரணமும் உங்களிடம் இருக்கிறது: மெட்ஃபார்மின். மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். பலருக்கு அதிலேயே வயிறு அடங்கிவிடுகிறது. முயலாமலே எடை குறைவது, தார் போல் கறுத்த மலம், விழுங்கச் சிரமம், ரத்த வாந்தி இவற்றில் ஏதாவது இருந்தால் பொடி எதுவும் வேண்டாம், உடனே மருத்துவமனைக்குச் சென்று எண்டோஸ்கோபி பற்றிக் கேளுங்கள்.

இனி கல்லீரல். வயது, எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி, பிளேட்லெட் நான்கையும் வைத்துக் கணக்கிடும் ஃபிப்-4 மதிப்பு உங்களுக்கு 1.08. 1.3க்குக் கீழே இருப்பதால் கல்லீரல் பெரிதாகத் தழும்பேறியிருக்க வாய்ப்புக் குறைவு. ஆனால் எஸ்ஜிபிடி உயர்ந்திருக்கும்போது ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனையைச் செய்யாமல் எல்லாவற்றையும் கொழுப்பின் தலையில் போட்டுவிடக் கூடாது. இரண்டும் ஒருமுறை கட்டாயம் பாருங்கள். கொழுப்பு கரைவது எடை குறைவதால்தான். உங்கள் கணக்கில் 4 கிலோ குறைந்தால் கொழுப்பு இறங்கத் தொடங்கும். 6 முதல் 8 கிலோ குறைந்தால் அழற்சியும் தணியும். டீயில் சர்க்கரையையும் பாட்டில் பானங்களையும் நிறுத்துங்கள், இரவில் சோற்றைப் பாதியாக்கிக் காய்கறியைக் கூட்டுங்கள், வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம் வேகமாக நடங்கள். ஆனால் கிளிமிபிரைடு அளவு சீராகும் முன் இரவுச் சாப்பாட்டைக் குறைக்க வேண்டாம்.

12 வாரம் கழித்து எடை, எஸ்ஜிபிடி, எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை), கிரியாட்டினின் (சிறுநீரகச் செயல்பாடு) நான்கையும் பாருங்கள். எடை குறைந்தும் எஸ்ஜிபிடி இறங்காவிட்டால் கருஞ்சீரகத்தை நிறுத்திவிட்டு ஒரு கல்லீரல் மருத்துவரைப் பார்த்து, கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் தேவையா என்று கேளுங்கள்.