சூடான கடல் புயலை வளர்க்கிறது என்றால், புயல் அந்தக் கடலை என்ன செய்கிறது?

சூடான கடல்தான் புயலை வளர்க்கிறது என்று கேட்டதும் எழும் கேள்வியில் இரண்டு பகுதிகள் உள்ளன. ஆண்டு முழுதும் வெதுவெதுப்பாக இருக்கும் சிங்கப்பூர்க் கடலில் ஏன் புயல் பிறப்பதில்லை என்பது ஒன்று. புயல் கடந்து சென்றபின் கடலுக்கு என்ன நேர்கிறது என்பது மற்றொன்று.

முதல் பகுதிக்குச் சுருக்கமாக விடை கூறிவிடலாம். புயல் உருவாகக் கடலின் மேற்பரப்பு ஏறத்தாழ 26.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்க வேண்டும் என்பது நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவரும் அளவு. நம்மைச் சுற்றியுள்ள நீர் பொதுவாக அதைவிடச் சூடானதே. ஆனால் பூமியின் சுழற்சியால் எழுந்து காற்றைச் சுழலவைக்கும் கொரியோலிஸ் விசை நிலநடுக்கோட்டில் இல்லாமலே போகிறது. ஆகவே அதற்கு வடக்கிலும் தெற்கிலும் ஐந்து பாகைக்குள் புயல் பிறப்பது மிக அரிது. நாமோ 1.3 பாகையில் இருக்கிறோம். அரிது என்றேனே தவிர, இல்லவே இல்லை என்று சொல்லவில்லை. 2001 டிசம்பர் 27 அன்று வாமெய் என்ற புயல் ஏறத்தாழ 1.4 பாகையில் உருவாகி, நமக்கு வடகிழக்கே மலேசியாவின் ஜோகூர் மாநிலத்தின் தென்கிழக்குக் கரையைக் கடந்தது. வடகிழக்குப் பருவக்காற்றின் வலுவான குளிர்வீச்சும் போர்னியோவை ஒட்டியிருந்த சுழற்சியும் சேர்ந்து, பூமி தர முடியாத சுழலை அதற்குக் கொடுத்தன. நூறு முதல் நானூறு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் இப்படி நேரலாம் என்று பின்னர் மதிப்பிட்டார்கள். பள்ளி விடுமுறையில் பிடோக் வீட்டுக்குள் அடைந்து கிடந்த எனக்கு, அது வழக்கமான டிசம்பர் மழையாகத்தான் தோன்றியது.

இரண்டாம் பகுதியே என் ஆர்வத்துக்குரியது. கடலை அடுப்பில் எரியும் விறகைப் போல நாம் நினைத்துக்கொள்கிறோம். ஒரு கிலோ கடல்நீர் ஆவியாக ஏறத்தாழ 2.4 மில்லியன் ஜூல் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது, அந்த ஆவி மேலே மேகமாகக் குளிரும்போது அதே வெப்பம் வெளிப்பட்டுப் புயலை இயக்குகிறது என்ற அளவில் அது சரிதான். ஆனால் இந்த அடுப்பில் நெருப்பே விறகின்மேல் தண்ணீர் தெளித்துக்கொள்கிறது.

ஊர்க் குளத்தில் நண்பகலில் இறங்கியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மேல்நீர் வெதுவெதுப்பாக இருக்கும். கால் எட்டும் ஆழத்தில் சில்லென்று இருக்கும். நான்கு பேர் சேர்ந்து கலக்கினால் மேல்நீரும் குளிர்ந்துவிடும். புயற்காற்றும் கடலின் மேலடுக்கை வேகமாக நகர்த்தி, அதனடியில் உள்ள குளிர்ந்த நீரை அதனோடு கலக்கிறது. மேலும், சுழல் காற்று நீரைப் புயலின் மையத்திலிருந்து வெளியே தள்ளுவதால், அந்த இடத்தை நிரப்ப அடிநீர் மேலேறுகிறது. புயல் கடந்த பாதையில் காணப்படும் குளிர்ச்சிக்குப் பெரும்பங்கு காரணம் இந்தக் கலப்புதான். காற்றுக்குப் பறிகொடுக்கும் வெப்பத்தின் பங்கு சிறியது.

வடகோளத்தில் இந்தக் குளிர்தடம் புயல் செல்லும் திசைக்கு வலப்புறமாக ஒதுங்கி நிற்பது இன்னொரு வியப்பு. அப்பக்கத்தில், புயல் கடக்கக் கடக்கக் காற்றின் திசை கடிகார முள்ளின் போக்கில் திரும்புகிறது. பூமியின் சுழற்சியால் நீரோட்டமும் அதே போக்கில் திரும்புகிறது. ஊஞ்சல் போகும் போக்கறிந்து தள்ளுவதைப் போல, காற்று நீரைத் தொடர்ந்து உந்த, அங்கே கலப்பு வலுக்கிறது.

ஆகவே செயற்கைக்கோள் படத்தில் கடல் சிவப்பாகத் தெரிவதை மட்டும் வைத்துப் புயல் வலுக்கும் என்று முடிவு செய்ய முடியாது. அந்தச் சூடு எத்தனை மீட்டர் ஆழம்வரை இறங்கியிருக்கிறது, புயல் எவ்வளவு வேகமாக நகர்கிறது என்ற இரண்டையும் கேட்க வேண்டும். மெதுவாக ஊர்ந்துசெல்லும் புயல், தான் குளிர்வித்த நீரின் மீதே நின்று வலுவிழக்கிறது. 2013 நவம்பரில் பிலிப்பீன்ஸைத் தாக்கிய ஹையான் புயலுக்கு நேர்மாறான நிலை வாய்த்தது: சூடான நீர் மிக ஆழம்வரை பரவியிருந்தது, புயலும் விரைந்து நகர்ந்தது. எவ்வளவு கலக்கியும் மேலே வந்தது சூடான நீரே.

வங்காள விரிகுடா இதில் தனிக்கதை. தென்மேற்குப் பருவமழைக்குப்பின் கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி ஆகிய ஆறுகள் கொட்டும் நன்னீர், கடலின் வடபகுதியில் மெல்லிய, எடை குறைந்த போர்வையாக மிதக்கிறது. அதற்கும் கீழுள்ள குளிர்நீருக்கும் இடையே உப்பு மிகுந்த, ஆனால் சூடான ஓர் அடுக்கு நிற்கிறது. காற்று எவ்வளவு கலக்கினாலும் முதலில் கைக்குக் கிடைப்பது அந்தச் சூடான அடுக்குதான் என்பதால், பருவமழைக்குப்பின் வரும் புயல்களால் அங்கே மேற்பரப்பு பெரிதாகக் குளிர்வதில்லை. பருவமழைக்குமுன், மே மாதத்தை ஒட்டி வருபவை இரண்டு மூன்று டிகிரி குளிர்வித்துவிடுவதுண்டு. ஒரே கடல், மாதத்துக்கு மாதம் வேறு கடலாக நடந்துகொள்கிறது. நாகப்பட்டினத்திலும் வேதாரண்யத்திலும் உறவினர் உள்ள நம் குடும்பங்கள் அக்டோபர் முதல் டிசம்பர்வரை செய்திகளை அஞ்சி அஞ்சிப் பார்ப்பதற்குப் பல காரணங்கள் இருந்தாலும், விரிகுடாவின் இந்த உப்புக் கணக்கை அவற்றுள் நான் சேர்க்கிறேன்.

புயல் போனபின் மேற்பரப்பு வெயிலில் மீண்டும் சூடேறச் சில நாட்கள் முதல் சில வாரங்கள் ஆகும். ஆனால் கடல் பழைய நிலைக்கு அப்படியே திரும்பிவிடுவதில்லை. கலப்பின்போது மேலே வந்த குளிர்நீருக்கு ஈடாகக் கீழே தள்ளப்பட்ட சூடான நீர், மேற்பரப்பு சூடேறிய பின்னரும் ஆழத்தில் தங்கிவிடுகிறது. அதில் ஒரு பகுதி குளிர்காலத்தில் மேலேறி வந்துவிடும் என்றும், மீதி நீரோட்டங்களோடு தொலைதூரம் போகிறது என்றும் ஆய்வாளர்கள் வாதிட்டுவருகிறார்கள். பங்கு எவ்வளவு என்பதில்தான் கருத்து வேறுபாடு.

அடிநீர் சத்துகளையும் மேலே கொண்டுவருகிறது. நமக்கு அண்மையிலேயே இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. 2000 ஜூலையில் தென்சீனக் கடலின் வடபகுதியில் சில நாட்கள் ஏறக்குறைய நகராமல் நின்ற கைதாக் என்ற புயல், அங்கே மேற்பரப்பை ஏறத்தாழ 9 டிகிரி குளிர்வித்தது. வழக்கமாகச் சத்துக் குறைந்து தெளிந்திருக்கும் அந்த நீரில், புயல் விலகியபின், மிதக்கும் நுண்தாவரங்கள் பெருகியதில் பச்சையத்தின் அளவு ஏறத்தாழ முப்பது மடங்காயிற்று. மூன்று நாட்களுக்குள் ஒரு புயல் விட்டுச்சென்ற பசுமையை விண்ணிலிருந்த செயற்கைக்கோள்கள் படம் பிடித்திருக்கின்றன.