காது கேட்கும் கருவி வாங்கும்போது எதற்குப் பணம் கொடுக்கிறோம்?

கேள்வி: என் தந்தைக்கு 71 வயது. தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டிக்கொண்டே போகிறார். ‘கல்’ என்று சொன்னால் ‘பல்’லா என்று கேட்கிறார். காது கேட்கும் கருவி விற்கும் நிலையம் ஒன்றில் வல்லுநர் ஒருவர் அரை மணி நேரம் பரிசோதித்து, இரண்டு காதுக்கும் கருவி வேண்டும் என்றார். அதே கருவி இணையத்தில் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. அவர் மருத்துவரா, விற்பனையாளரா? அவரிடமே வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: அவர் மருத்துவர் அல்லர், வெறும் விற்பனையாளர் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. கேட்கும் திறனை அளந்து, அதற்கேற்ற கருவியைத் தேர்ந்து, காதில் பொருத்தி, பிறகு வேண்டியபோதெல்லாம் திருத்திக் கொடுப்பது அவருடைய வேலை. நோயைக் கண்டறிவது அதில் சேராது. கேட்கும் திறன் திடீரென ஓரிரு நாளில் போய்விட்டாலோ, ஒரு காதில் மட்டும் குறைந்தாலோ, வலி, சீழ், தலைச்சுற்றல் இருந்தாலோ முதலில் பார்க்க வேண்டியவர் காது மூக்கு தொண்டை மருத்துவர்தான். அதிலும் திடீர்க் குறைபாடு, நாள் கடத்தினால் சிகிச்சை பலிக்காமல் போகக்கூடிய அவசர நிலை. குரும்பி என்னும் காது மெழுகு அடைத்திருந்தாலும் காது மந்தமாகும். அதை எடுக்காமல் கருவி வாங்குவது, அழுக்கேறிய மூக்குக்கண்ணாடியைத் துடைக்காமல் புதுக் கண்ணாடி வாங்குவதைப் போன்றது. ஆகவே, விளக்கு வைத்துக் காதுக்குள் பார்த்துவிட்டு, ‘முதலில் மருத்துவரைப் பார்த்துவிட்டு வாருங்கள்’ என்று வந்த விற்பனையையே தள்ளிப்போடுகிற வல்லுநரை நான் நம்புவேன்.

உங்கள் தந்தையின் ‘கல்’லும் ‘பல்’லும் நல்ல தடயம். முதுமையில் வரும் குறைபாடு பெரும்பாலும் உயர்ந்த சுருதி ஒலிகளில்தான் தொடங்குகிறது. உயிரொலிகள் வலுவாக இருப்பதால் காதில் விழுந்துவிடுகின்றன. சொல்லைப் பிரித்துக்காட்டும் மெலிந்த மெய்யொலிகள்தாம் நழுவுகின்றன. ‘அல்’ என்பது அவருக்குக் கேட்கிறது, முன்னால் வந்தது ககரமா பகரமா என்பதை அவர் ஊகிக்கிறார். எல்லா ஒலியையும் ஒரே அளவில் கூட்டினால் இரைச்சல்தான் மிஞ்சும். எந்தச் சுருதியில் எவ்வளவு குறைவோ அங்கே அவ்வளவு கூட்ட வேண்டும். அந்தக் கணக்கைத் தருவது ஆடியோகிராம் என்னும் வரைபடம். வழக்கமாக 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை அளப்பார்கள். சிவப்பு வட்டங்கள் வலது காது, நீலப் பெருக்கல் குறிகள் இடது காது. இரண்டு கோடுகளும் சரிந்திருந்தால், இரு கருவிகள் என்ற ஆலோசனை பெரும்பாலும் நியாயமானதே. ஒலி வரும் திசையை அறியவும், பலர் பேசும் இடத்தில் ஒருவர் பேச்சைப் பிரித்துக் கேட்கவும் இரண்டு காதும் தேவை. வரைபடத்தின் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி இணைய விலை. பெட்டிக்குள் இருப்பது அதே கருவியாக இருக்கலாம், ஆனால் கணினி மென்பொருள் அதற்குத் தரும் முதல் அமைப்பு சராசரிக் காது ஒன்றை மனத்தில் வைத்துச் செய்த ஊகமே. காதுக் குழாயின் அளவும் வளைவும் ஆளுக்கு ஆள் மாறும். அதனால் தேர்ந்த வல்லுநர், நூல் போன்ற மெல்லிய மென்குழாய் ஒன்றைச் செவிப்பறைக்கு அருகே செலுத்தி, அதன்மேல் கருவியை மாட்டி, பேச்சை ஒலிக்கவிட்டு, உள்ளே உண்மையில் எவ்வளவு ஒலி சேர்கிறது என்று அளப்பார். திரையில் இலக்குக் கோடு ஒன்று நிற்கும். அளந்த கோடு அதைத் தொடும்வரை திருத்துவார். ‘இந்த அளவீடு இங்கே செய்வீர்களா?’ என்று கேளுங்கள். கருவியில் எத்தனை சேனல், அதாவது ஒலியைச் சுருதிவாரியாகப் பிரித்துத் திருத்தும் பகுதிகள், என்ற விளம்பரத்தைவிட இந்தக் கேள்விக்கு வரும் பதில் பெறுமதியானது.

வாங்கிய சில வாரங்களில் உங்கள் தந்தை, தம் குரலே குடத்துக்குள் பேசுவதுபோல் முழங்குகிறது என்பார், அல்லது கருவி ‘கீ’ என்று விசிலடிக்கும். முன்னதற்குக் காது அச்சில், அதாவது காதுக்குள் பொருந்தும்படி வார்த்த பகுதியில், உள்ள காற்றுத் துளையைப் பெரிதாக்கியும், பின்னதற்கு அந்த அச்சைச் சரிசெய்தும் தீர்வு காண்பார்கள். இணையத்தில் வாங்கியதை இப்படித் திருத்த எல்லா நிலையங்களும் முன்வருவதில்லை. சில கருவிகளை விற்றவருடைய மென்பொருளில் மட்டுமே திறக்க முடியும். ஆகவே ரசீதில் கருவி, அச்சு, பின்தொடர் சந்திப்புகள், உத்தரவாதம், திருப்பிக் கொடுக்கும் கெடு ஆகியவற்றைத் தனித்தனியே எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் வேறு நிலையம் பாருங்கள். வல்லுநருடைய உரிமத்தையோ பதிவையோ கேட்பதிலும் தவறில்லை.

கேள்வி: மறைந்த பெரியப்பாவின் கருவி வீட்டில் இருக்கிறது. அம்மா அதைப் போட்டுக்கொள்ளலாமா?

பதில்: அப்படியே போடக் கூடாது. அது அவருடைய குறைபாட்டுக்கு அமைத்தது; அம்மாவின் காதுக்குத் தேவைக்கு மேல் உரத்து ஒலித்தால் மிச்சமிருக்கும் திறனுக்கும் கேடு. காதுக்குள் பொருந்தும் வகையானால் கூடு அவர் காதின் வடிவம், பயன்படாது. காதின் பின்னால் மாட்டும் வகையானால், அம்மாவின் ஆடியோகிராமுக்கு அந்தக் கருவியின் திறன் பொருந்துமா என்று வல்லுநரிடம் கேட்டு, புது அச்சு செய்து, மறுபடி அமைத்துக்கொள்ளலாம். கருவியில் போடுவது காற்றுப் பட்டதும் இயங்கத் தொடங்கும் சிறு பேட்டரியானால், அதன் வண்ண ஒட்டுத்தாளைப் போடும் நேரத்தில் மட்டும் உரியுங்கள். உரித்து ஓரிரு நிமிடம் காற்றில் வைத்த பிறகு மூடுங்கள். உரித்ததைத் திரும்ப ஒட்டினாலும் அது தீர்ந்துகொண்டுதான் இருக்கும்.