ஆபீஸ் மெயில், காலண்டர், காண்டாக்ட் போன்ல ஒழுங்கா வரமாட்டேங்குதா? கேளுங்க, சொல்றேன்

12 வருஷமா கம்பெனி ஐடி ஹெல்ப்டெஸ்க்லதான் இருக்கேன், போன்ல மெயில் வரல காலண்டர் வரலன்னு ஆள் வராத நாளே கிடையாது. நீங்க அனுப்பின கேள்விகள்ல ஒரே மாதிரி இருந்தத சேர்த்துட்டேன்.

கேள்வி: அக்கா, போன்ல மெயில படிச்சாலும் லேப்டாப்ல படிக்காத மாதிரியேதான் காட்டுது. போன்ல இருந்து அனுப்பினது லேப்டாப் சென்ட்ல இல்லவே இல்ல. சின்ன கம்பெனி, சொந்த டொமைன் மெயில்.

உங்க அக்கவுண்ட் பாப்ல போட்டிருக்கு தம்பி. பாப்ங்கிறது மெயில சர்வர்ல இருந்து எடுத்துட்டு வந்து அந்த மெஷின்ல வெக்கிறதோட சரி, நீங்க படிச்சீங்களா, அழிச்சீங்களான்னு திரும்பப் போய் சர்வர்கிட்ட சொல்லாது. மெயில் சர்வர்லயே இருந்து எல்லா மெஷின்லயும் ஒரே மாதிரி காட்டுற ஐமேப்ல மாத்துங்க, போர்ட் 993, எஸ்எஸ்எல்ங்கிற பாதுகாப்பு ஆன். ஆனா ஒண்ணு, லேப்டாப்ல இருக்கிற பழைய பாப் அக்கவுண்ட அவசரப்பட்டு தூக்கிடாதீங்க. எடுத்ததும் சர்வர்ல இருந்து அழிச்சிடுன்னு செட்டிங் இருந்திருந்தா அத்தனை வருஷத்து மெயிலும் அந்த லேப்டாப்ல மட்டும்தான் இருக்கும். அவுட்லுக்ல பாப்ப அப்படியே ஐமேப்பா மாத்த முடியாது, அதனால ஐமேப்ப புதுசா பக்கத்துல சேர்த்து, பழைய மெயில எல்லாம் அந்த போல்டருக்கு இழுத்துப் போட்டு, ஏறி முடிஞ்சுதான்னு பார்த்துட்டு அப்புறம் பழச எடுங்க.

கேள்வி: ஐமேப்தான் போட்டிருக்கேன், மெயில் வருது. காலண்டரும் காண்டாக்டும் மட்டும் வரல, ஏன்?

ஐமேப் மெயில மட்டும்தான் கொண்டு வரும். காலண்டருக்கு கால்டாவ், காண்டாக்டுக்கு கார்டுடாவ்னு தனித்தனி அக்கவுண்ட் வகை இருக்கு, அத தனியா சேர்க்கணும். உங்க ஆபீஸ் மைக்ரோசாஃப்ட் 365-ல இருந்தா இவ்வளவு கஷ்டமே வேண்டாம், ஐபோன்ல அக்கவுண்ட் சேர்க்கும்போது மத்தவைன்னு கீழ இருக்கிறத தொடாம மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச்னு இருக்கிறத தொடுங்க, மூணும் சேர்ந்து வந்துடும்.

கேள்வி: மேடம், அடுத்த வெள்ளிக்கிழமை எனக்கு இந்த கம்பெனில கடைசி நாள். போன்ல இருந்து ஆபீஸ் அக்கவுண்ட எடுத்தா நம்பர் எல்லாம் போயிடுமா?

போகலாம் சார். இத இப்பவே கேட்டீங்களே, ரொம்ப நல்லது.

எங்க அத்தான் கோயம்புத்தூர்ல ஒரு கம்பெனில 11 வருஷம் சேல்ஸ்ல இருந்தாரு. கடைசி நாள் சாயங்காலம் அக்கவுண்ட மூடிட்டாங்க. மனுஷன் காந்திபுரம் பஸ் ஸ்டாண்ட்ல நின்னுக்கிட்டு பொண்ணோட ஸ்கூல் வேன் டிரைவருக்குப் போடலாம்னு போன எடுத்தா லிஸ்ட்ல ஒரு பேர் கூட இல்ல, கால் ஹிஸ்டரில வெறும் நம்பரா நிக்குது. தம்பி நம்பர், டாக்டர் நம்பர், வீட்டு ஓனர் நம்பர் எல்லாமே அவருக்கே தெரியாம ஆபீஸ் அக்கவுண்ட்லதான் இத்தனை வருஷமா சேவ் ஆகிட்டு இருந்திருக்கு. அன்னைக்கு ராத்திரி 1 மணி வரைக்கும் எங்க அக்காவும் அவரும் வாட்ஸ்அப்ல டிபி படத்தப் பார்த்துப் பார்த்து இது யாரு அது யாருன்னு கண்டுபிடிச்சு ஒவ்வொண்ணா ஏத்துனாங்க. அதுல இருந்து யார் போன் என் கைக்கு வந்தாலும் நான் முதல்ல பார்க்கிறது புது நம்பர் எந்த அக்கவுண்ட்ல சேவ் ஆகுதுங்கிறதத்தான்.

ஐபோன்னா காண்டாக்ட்ஸ் ஆப்ல மேல இடது பக்கம் லிஸ்ட்ஸ்னு தொட்டா ஐக்ளவுட்ல எத்தனை, எக்ஸ்சேஞ்ச்ல, அதாவது ஆபீஸ் அக்கவுண்ட்ல எத்தனைன்னு தனித்தனியா தெரியும். எக்ஸ்சேஞ்ச் பேர் மேல விரல அழுத்திப் பிடிச்சா எக்ஸ்போர்ட்னு வரும். ஆண்ட்ராய்டுல கூகுள் காண்டாக்ட்ஸ்ல உங்க போட்டோவ தொட்டு அக்கவுண்ட மாத்திப் பாருங்க. சொந்தக்காரங்க, பிரெண்ட்ஸ், டாக்டர் நம்பர் எல்லாத்தையும் உங்க சொந்த அக்கவுண்டுக்குக் கொண்டு வந்துடுங்க. கஸ்டமர் லிஸ்ட் கம்பெனியோடது, அதுல கை வைக்காதீங்க. அப்புறம் ஐபோன் செட்டிங்ஸ்ல காண்டாக்ட்ஸுக்குள்ள டீஃபால்ட் அக்கவுண்ட்னு ஒண்ணு இருக்கும், அத ஐக்ளவுடுக்கு மாத்திடுங்க, இல்லன்னா அடுத்த கம்பெனிலயும் இதே கதைதான். அவுட்லுக் ஆப்ல சேவ் காண்டாக்ட்ஸ் ஆன் பண்ணிட்டோம், பேக்கப் ஆகிடுச்சுன்னு சில பேர் நினைச்சுக்கறாங்க, அந்த ஆப்ல இருந்து அக்கவுண்ட எடுத்தா அது போட்ட நம்பரும் போனை விட்டுப் போகும்.

கேள்வி: நியூயார்க் கிளையன்ட்டோட மீட்டிங் ராத்திரி 8:30-க்கு இருந்துச்சு, மார்ச்ல திடீர்னு 7:30 ஆகிடுச்சு. சிங்க் பிரச்சனையா?

இல்லங்க, சரியாத்தான் காட்டுது. மார்ச் ரெண்டாவது ஞாயிறு அமெரிக்காக்காரங்க கடிகாரத்த ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளிடுவாங்க, நவம்பர் முதல் ஞாயிறு திரும்ப பின்னாடி வெப்பாங்க. நமக்கு அந்தப் பழக்கம் இல்லாததால அவங்க காலை 10 மணி குளிர்காலத்துல நமக்கு 8:30, கோடைல 7:30. இந்தியால இருக்கிறவர் நம்ம நேரத்துல மீட்டிங் போட்டிருந்தா நமக்கு நகராது, அவங்களுக்குத்தான் நகரும். இன்வைட்ட அக்செப்ட் பண்ணாம மெயில்ல இருக்கிற நேரத்தப் பார்த்து நாமளே காலண்டர்ல அடிச்சு வெச்சாதான் மாட்டிப்போம், ஏன்னா அது யார் மாத்தினாலும் மாறாது.

கேள்வி: ஆப்ப திறந்தாதான் மெயில் வருது.

ரெட்மி, விவோ, ஒப்போ மாதிரி போன்னா ஆப் இன்ஃபோல பேட்டரிக்குப் போய் கட்டுப்பாடு இல்லைன்னு வைங்க, ஆட்டோஸ்டார்ட் இருந்தா அதையும் ஆன் பண்ணுங்க. ஐபோன்ல லோ பவர் மோட் ஆன்ல இருந்தா தானா மெயில் எடுக்காது. ஐபோனோட சொந்த மெயில் ஆப்ல ஜிமெயில் போட்டா உடனுக்குடன் வரவே வராது, அதுக்கு ஜிமெயில் ஆப்தான்.

கேள்வி: பாஸ்வேர்ட் மாத்தினதுல இருந்து ஒரு நாளைக்கு மூணு தடவை அக்கவுண்ட் லாக் ஆகுது அக்கா. போன்ல புது பாஸ்வேர்ட்தான் இருக்கு.

வேற ஏதோ ஒரு மெஷின்ல பழைய பாஸ்வேர்ட் உட்கார்ந்துக்கிட்டு விடாம தட்டிட்டே இருக்கு, சர்வர் அத யாரோ திருடப் பாக்கிறாங்கன்னு நினைச்சு பூட்டுது. எங்க ஆபீஸ்ல ஒருத்தருக்கு மூணு நாள் இதத் தேடினோம். லேப்டாப் பார்த்தாச்சு, டேப் பார்த்தாச்சு, ஒண்ணும் இல்ல. கடைசில பார்த்தா வீட்டுல குழந்தை வீடியோ பாக்கக் குடுத்த பழைய போன், சிம் கூட இல்ல, வைஃபைல ஓடிட்டு இருந்துச்சு, அதுல இவர் ஆபீஸ் மெயில் இன்னும் இருந்துச்சு. வீட்டுல டிராயர்ல கிடக்கிற போனெல்லாம் எடுத்துப் பாருங்க.

இன்னொண்ணு, லாக் ஆகாம பாஸ்வேர்ட் மட்டும் திரும்பத் திரும்பக் கேக்குதுன்னா அது வேற. வெறும் பாஸ்வேர்ட வெச்சு உள்ள வர்ற பழைய முறைய மைக்ரோசாஃப்ட் 2022 அக்டோபர்ல இருந்து மூட ஆரம்பிச்சாங்க, கூகுள் தனிநபர் அக்கவுண்டுக்கு 2022 மே மாசமே நிறுத்திட்டாங்க. அக்கவுண்ட எடுத்துட்டு திரும்ப சேருங்க, சைன்-இன் பக்கம் தனியா திறந்தா சரியான வழி.

கேள்வி: ஆபீஸ் மெயில் போட்டா போனையே அழிக்க அனுமதி கேக்குது. என் போட்டோ எல்லாம் பாப்பாங்களா?

பாக்க மாட்டாங்க, ஆனா முழு போனையும் தூரத்துல இருந்தே அழிக்க முடியும், அதுக்குத்தான் அந்த அனுமதி. ஆண்ட்ராய்டுல ஆபீஸ் ஆப்ப எல்லாம் தனியா பிரிச்சு வெக்கிற ஒர்க் புரொஃபைல் குடுங்கன்னு உங்க ஐடி டீம்ல கேளுங்க, ஆபீஸ் ஆப் மேல சின்ன பெட்டி படம் வரும், அவங்க அழிச்சாலும் அந்தப் பக்கம் மட்டும்தான் போகும். அது இல்ல, முழு அனுமதிதான் வேணும்னா போட்டோவ பேக்கப் பண்ணாம ஓகே அமுக்காதீங்க. குழந்தை போட்டோவுக்கு ரெண்டாவது காப்பி எந்த ஐடி டீம்கிட்டயும் கிடையாது.

கேள்வி: தப்பா 200 காண்டாக்ட அழிச்சிட்டேன், கூகுள் அக்கவுண்ட்ல இருந்தது. 26 நாள் ஆச்சு.

டிராஷ்ல 30 நாள்தான் இருக்கும். இத படிக்கிறத விட்டுட்டு கூகுள் காண்டாக்ட்ஸ்ல டிராஷ திறந்து எல்லாத்தையும் செலக்ட் பண்ணி ரிகவர் குடுங்க. வந்துச்சான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க.