ராஜினாமாவை டைப் செய்த கை

கேள்வி: திருப்பூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் 2 வருடமாகக் கணக்குப் பிரிவில் ஒப்பந்த வேலை. சம்பளம் 28,000 ரூபாய். இப்போது எனக்கு 5 மாதம், முதல் குழந்தை. ‘நீங்களாகவே ராஜினாமா கொடுத்துவிடுங்கள், ஒப்பந்த ஆளுக்குப் பேறுகால விடுப்பு கிடையாது’ என்கிறார் மேனேஜர். கணவர் டைப் செய்து தந்த கடிதம் கைப்பையில் இருக்கிறது. திங்கட்கிழமை கொடுத்துவிடட்டுமா?

– பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: நீங்கள் எழுதிய நாலு பக்கத்தில் மூன்று பக்கம் மேனேஜர்தான். கணவர் டைப் செய்தது அரை வரி. எனக்கு அந்த அரை வரிதான் தொண்டையில் நிற்கிறது.

மேனேஜர் சொல்வது பொய். டெல்லி மாநகராட்சியில் தினக்கூலிக்குச் சாலை வேலை பார்த்த பெண்களுக்கே பேறுகாலச் சலுகை உண்டு என்று 2000-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும், 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. விடுப்பில் போனதற்காக வேலையை விட்டு நீக்குவது சட்டவிரோதம். கர்ப்பமாக இருக்கும்போதே நீக்கினாலும் அந்தப் பணத்தைத் தர வேண்டும், நீங்கள் 60 நாளுக்குள் முறையிடலாம். நீக்கினால் இவ்வளவுக்கும் அவர்கள் பதில் சொல்ல வேண்டும். நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டால் ஒன்றுக்கும் வேண்டாம். அதனால்தான் ‘நீங்களாகவே’ என்கிறார்.

அந்த வேலையை உங்கள் வீட்டிலேயே முடித்துக் கொடுத்திருக்கிறார்களே, அம்மா! இப்படி எத்தனையோ கடிதங்கள் எனக்கு வந்துவிட்டன. ‘உன் நல்லதுக்குத்தான்’ என்று யாரோ ஒருவர் வீட்டில் சொல்லியிருப்பார். உங்கள் கணவர் ஒருமுறையாவது சட்டம் என்ன சொல்கிறது என்று விசாரித்தாரா? மேனேஜரிடம் ஒரு வார்த்தை கேட்டாரா? பிள்ளை பிறக்கப்போகும் வீட்டில் மனைவியின் சம்பளத்துக்குக் காவல் நிற்பது அப்பாவாகப்போகிறவரின் கடமை. இதில் எனக்கு இரண்டாவது பேச்சு கிடையாது. நீங்களும்தான், அதை வாங்கிப் பத்திரமாகப் பையில் வைத்துக்கொண்டீர்கள்!

சரி, இனி செய்ய வேண்டியது. அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடுங்கள். கர்ப்பம், பிரசவத் தேதி, எந்த நாளிலிருந்து விடுப்பு என்று வேறொரு கடிதம் எழுதி, டாக்டர் சான்றிதழை இணைத்துக் கொடுங்கள். நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் மசியாவிட்டால் அந்த நகலோடு தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போங்கள்.

புதுக் கடிதத்தையும் கணவரே டைப் செய்யட்டும். திங்கட்கிழமை உங்களோடு அலுவலகம் வரைக்கும் வரட்டும்.