பதில்: கிரகணத்தில வெளிய போனதாலயா பிள்ளைக்கு இப்படி?

தங்கச்சி, கிரகணத்தண்டு நீங்க வெளிய போனதாலதான் பிள்ளைக்கு மூளை மடிப்பில்லாம வந்ததெண்டு மாமி சொல்றாவெண்டு எழுதியிருக்கிறீங்க. இல்லவே இல்லை. றிப்போட்டில உள்ள லிஸ்1 எண்டது 17ஆவது நிறமூர்த்தத்தில (குரோமோசோம்) இருக்கிற மரபணு. 1993இலயே கண்டுபிடிச்சிட்டாங்க.

கல்லடிக் கடற்கரையில கரைவலை இழுக்கிறதைப் பார்த்திருப்பீங்க. ரெண்டு பக்கமும் ஆக்கள் குதிக்காலை மணலில ஊண்டி, ஒரே சீரா கயிறு இழுக்கணும். எங்கட உடம்பில உள்ள கலத்துக்குள்ள (செல்) அந்த ஆக்கள்தான் டைனீன் எண்ட இயக்கப் புரதம். அதுக்குத் தெம்பு குடுக்கிறது லிஸ்1. கலம் பிரியக்குள்ள நிறமூர்த்தங்களைப் பங்கு போடுற கதிர் எண்ட நார்க்கட்டு சரியான திசையில நிக்கிறதும், புது நரம்புக்கலம் தன்ர உட்கருவை இழுத்துக்கொண்டு மூளையின்ர மேற்பரப்புக்கு ஏறுறதும் இந்த இழுவையாலதான். ரெண்டு பிரதியில ஒண்டு பழுதானா தெம்பு பாதிதான். கலங்கள் இடைவழியில நிண்டிரும், அதாலதான் மூளையில மடிப்பு விழாம போகுது.

பெரும்பாலும் இது தாய் தகப்பனிட்ட இல்லாம, பிள்ளையில புதுசா வாற மாற்றம். உங்கட பிழை ஒண்டுமில்ல. சில குடும்பத்தில தாயோ தகப்பனோ துண்டு இடம்மாறின நிறமூர்த்தத்தைத் தெரியாமலே காவுவாங்க. அதால அடுத்த பிள்ளைக்கு முன்னம் ரெண்டு பேரும் சோதிச்சுப் பாருங்க.

பிள்ளைக்குக் குடுக்கிற வலிப்பு மருந்தை ஒருநாளும் தவறவிடாதீங்க. வலிப்பு 5 நிமிஷத்தைத் தாண்டினா உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க, விடியட்டும் எண்டு பார்க்காதீங்க.