தோற்பார் என்று தெரிந்தே போட்ட முதல் வாக்கு

கேள்வி: 1980 அமெரிக்க அதிபர் தேர்தலில்தான் நான் முதன்முதலாக வாக்களித்தேன். அப்போது எனக்கு 19 வயது. மாசசூசெட்ஸில் கல்லூரி மாணவி. சுயேச்சையாக நின்ற ஜான் ஆண்டர்சன் ஜெயிக்க மாட்டார் என்று தெரிந்தே அவருக்குப் போட்டேன். "கார்ட்டருக்குப் போக வேண்டிய ஓட்டை வீணாக்கி ரீகனைக் கொண்டுவந்துவிட்டாயே" என்று அப்பா வருந்தினார். அவர் மறைந்து பல ஆண்டுகள் ஆகியும் அந்தச் சொல் உறுத்துகிறது. இப்போது முதல் வாக்குக்குக் காத்திருக்கும் என் தம்பி மகள், "அத்தை, நீங்கள் முதலில் யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள்?" என்று கேட்கிறாள். என்ன சொல்வது?

பதில்: முதலில் அந்த உறுத்தலைக் கணக்கில் வைத்துப் பார்ப்போம். ரீகன் 50.7 சதவீதம், கார்ட்டர் 41 சதவீதம், ஆண்டர்சன் 6.6 சதவீதம் வாக்குகள் பெற்றனர். ஆண்டர்சனுக்கு விழுந்த சுமார் 57 லட்சம் வாக்குகளில் ஒன்றுகூடச் சிதறாமல் கார்ட்டருக்குப் போயிருந்தாலும், நாடு தழுவிய எண்ணிக்கையில் ரீகனே முந்தியிருப்பார். உங்கள் மாநிலத்தில் மட்டும் தந்தையாரின் கவலைக்கு அடிப்படை இருந்தது. மாசசூசெட்ஸில் ரீகன் கார்ட்டரை முந்தியது 4,000-க்கும் குறைவான வாக்குகளில். அங்கே ஆண்டர்சன் பெற்றதோ 3,80,000-க்கும் மேல். ஆனால் அதிபரை முடிவு செய்பவை தேர்வாளர் வாக்குகள், மாநிலத்தில் முந்துபவருக்கு அவை மொத்தமாகச் சேரும்; அம்மாநிலத்தின் 14 தேர்வாளர் வாக்குகளையும் கார்ட்டர் பக்கம் மாற்றிவைத்தால், 489-க்கு 49 என்றிருந்த முடிவு 475-க்கு 63 என்று ஆகியிருக்கும். வெற்றிக்குத் தேவையானவை 270. ஆகவே ரீகனைக் கொண்டுவந்தது உங்கள் வாக்கு இல்லை.

ஆண்டர்சனை அன்றைய மாணவர்கள் ஏன் நாடினார்கள் என்பதைத் தம்பி மகளுக்கு விரிவாகவே சொல்லுங்கள். இலினாயைச் சேர்ந்த, அப்போது குடியரசுக் கட்சிக்காரராக இருந்த இந்த நாடாளுமன்ற உறுப்பினர், மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட சில நாட்களில், 1968 ஏப்ரலில், வீட்டுவசதியில் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் மசோதாவுக்குத் தம் கட்சியினர் பலரின் விருப்பத்தை மீறி ஆதரவளித்தவர். 1980-இல் துப்பாக்கி வைத்திருப்போர் கூட்டத்துக்கே போய், துப்பாக்கிக்கு உரிமம் வேண்டும் என்று சொல்லிக் கூச்சலை வாங்கிக்கொண்டார். கேலனுக்கு 50 சென்ட் பெட்ரோல் வரி போடவேண்டும், அதற்கு ஈடாகத் தொழிலாளர் செலுத்தும் சமூகப் பாதுகாப்பு வரியைப் பாதியாகக் குறைக்கவேண்டும் என்றார். வாக்குக் கேட்டு வருபவர் வரியை உயர்த்துவேன் என்று சொல்வதை 19 வயதில் முதன்முறையாகக் கேட்பவருக்கு, அதுவரை கேட்ட மேடைப் பேச்சுகளெல்லாம் வேறு மாதிரி ஒலித்திருக்கும். அந்த ஈர்ப்பை இளமையின் அறியாமை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

செப்டம்பர் 21 அன்று பால்டிமோரில் நடந்த விவாதத்தில் ரீகனுக்கு எதிரே அவர் நின்றார். ஆண்டர்சன் இருக்கும் மேடைக்கு வர கார்ட்டர் மறுத்துவிட்டார். பிறகு கருத்துக்கணிப்புகளில் ஆண்டர்சனின் ஆதரவு சரிந்ததால், அக்டோபர் 28 விவாதம் மற்ற இருவருக்குள்ளேயே நடந்து முடிந்தது. அதன் பிறகும் அவரை விட்டு விலகாதவர்களில் நீங்களும் ஒருவர்.

கேள்வி: ஒரு மாநிலத்தில்கூட வெல்லாத ஒருவருக்குப் போட்ட வாக்கால் நடைமுறையில் என்ன நடந்தது?

பதில்: ஐந்து சதவீதத்தைத் தாண்டியதால் தேர்தலுக்குப் பின் அரசு நிதியாகச் சுமார் 42 லட்சம் டாலர் கிடைத்தது, பிரசாரக் கடனை அடைக்க அது உதவியது. அதைவிடப் பெரிது 1983-இல் வந்த தீர்ப்பு. சுயேச்சைகள் மார்ச் மாதத்திலேயே மனுச் செய்யவேண்டும் என்ற ஒகையோ மாநில விதி, ஏப்ரலில் சுயேச்சையாக மாறிய ஆண்டர்சனுக்குக் கதவடைத்தது. அவர் தொடுத்த வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற பெரும்பான்மையில் அவ்விதி செல்லாது என்றது. அவருக்குப் பின் வந்த சுயேச்சைகள் அந்தத் தீர்ப்பைப் பிடித்துக்கொண்டுதான் வாதாடினார்கள்.

பின்தங்கி நின்றவர் எப்போதும் அங்கேயே நிற்பதில்லை என்பதற்கு இலங்கையைப் பாருங்கள். 2019 ஜனாதிபதித் தேர்தலில் 3.16 சதவீதம் பெற்ற அநுர குமார திசாநாயக்க, 2024-இல் முதல் எண்ணிக்கையில் 42.31 சதவீதம் பெற்று, அந்நாட்டு வரலாற்றில் முதன்முறையாக விருப்பு வாக்குகளும் எண்ணப்பட்ட பின் ஜனாதிபதியானார். அங்கே வாக்காளர் தம் இரண்டாம், மூன்றாம் விருப்பங்களையும் குறிக்கலாம். அப்படியொரு முறை 1980-இல் மாசசூசெட்ஸில் இருந்திருந்தால், ஆண்டர்சனுக்கு 1, கார்ட்டருக்கு 2 என்று குறித்துவிட்டு நீங்கள் வீடு திரும்பியிருக்கலாம். உங்கள் வீட்டில் அந்த வருத்தமே எழுந்திருக்காது. ஆண்டர்சனும் பிற்காலத்தில் இத்தகைய முறைக்காகவே பாடுபட்டார். 2017 டிசம்பரில், தமது 95-ஆம் வயதில் அவர் காலமானார். 2020 அதிபர் தேர்தலில் மேய்ன் மாநிலத்தார் வேட்பாளர்களை வரிசைப்படுத்தி வாக்களித்தார்கள்.

தம்பி மகளிடம் தந்தையாரின் பேச்சையும் மறைக்காமல் சொல்லுங்கள். அவர் அஞ்சியது 1980-இல் நடக்கவில்லை. ஆனால் 2000-இல் புளோரிடாவில் புஷ் 537 வாக்குகளில் வென்றபோது, அங்கே மூன்றாம் வேட்பாளரான ரால்ஃப் நாடருக்கு 97,000-க்கும் மேற்பட்ட வாக்குகள் விழுந்திருந்தன. தன் மாநிலத்தில் போட்டி எவ்வளவு நெருக்கம் என்பதை அவள் பார்த்துக்கொள்ளட்டும். யாருக்குப் போடுவது என்பதை அவளிடமே விட்டுவிடுங்கள்.